போர்வீரர் நலமும் அவர்தம் குடும்ப நலமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே நக்கீரர் இரண்டு காட்சிகளைக் காட்டுகின்றார். முதலாவது, வாடைக்காற்று வீசுங் கூதிர்க்காலத்திலே, கணவனைப் பிரிந்த அரசமாதேவி அரண்மனைக் கட்டிலிலே வருந்திக் கிடக்குங் காட்சி. இரண்டாவது, அதே வாடை வீசும் நள்ளிரவிலே, பாசறையிலுள்ள மன்னன் உறக்கங் கொள்ளாது, விளக்கொளியிலே புண்பட்ட வீரரைச் சென்று கண்டு அவர்க்கு ஆறுதல் அளிக்குங் காட்சி. இல்லத்துத் துன்பமும் பாசறைத் துன்பமும் ஒரே பாட்டில் ஒருங்கு வைத்து நோக்கப்படுதல் ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கும் பார்வையைத் தற்கால அரசுகள் எய்துவதற்கு நெடுங்காலம் சென்றது. வீரனுடைய புண்ணுக்கு மருந்திடுதலே தம் கடன் என்றும், அவன் உள்ளம் தளர்ந்தால் அஃது அவன் குற்றம் என்றும், அவன் மனைவி மக்கள் வறுமையுற்றால் அஃது ஊராரின் தருமத்துக்குரிய விடயம் என்றும் அவை நெடுநாட் கருதியிருந்தன. இக்கருத்து எவ்வாறு படிப்படியாக மாறிற்று என்பதை அறிதற்குப் பிரித்தானியப் படையின் வரலாறு ஏற்ற சான்றாகும். கடந்த ஏறத்தாழ 170 ஆண்டுகளாக அந்நாட்டின் பாராளுமன்றமும் ஆணைக்குழுக்களும் வைத்தியர்களும் இவ்விடயத்தைப் பற்றி எழுதிவைத்தவை மிகப் பல.

ஒரு போர் நீதியானதா அன்றா என்பது வேறு வினா. அப்போருக்கு அனுப்பப்பட்டவன் நலத்துக்கு யார் பொறுப்பு என்பது வேறு வினா. முதலாவது வினாவில் மாறுபடுவோரும் இரண்டாவதில் ஒன்றுபடுதல் கூடும். இக்கட்டுரை இரண்டாவது வினாவையே ஆராய்கின்றது.

உடல் நலம்

1854 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4 ஆம் நாள் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் ஸ்குற்றாரியிலுள்ள படை வைத்தியசாலையை வந்தடைந்தார். கொன்ஸ்தாந்திநோப்பிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ளது அவ்விடம். கிரிமியப் போரிலே காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பல்களில் ஏற்றப்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டனர். அம்மையாரின் தொண்டு உலகறிந்தது. ஆயினும் அவர் சென்ற பின்னரும் அங்கே மரணம் குறையவில்லை. 1855 பெப்ரவரியிலே நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஏறிற்று. கட்டிடத்தின் கீழே கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தமையும், காற்றோட்டம் இன்மையுமே அதற்குக் காரணம். மார்ச் மாதத்திலே வந்த சுகாதார ஆணைக்குழு கால்வாய்களைத் துப்புரவு செய்து, நீரைத் தூய்மையாக்கிச் சாளரங்களைத் திறந்துவிட்ட பின்னரே மரணம் விரைந்து வீழ்ந்தது.

அப்போரிலே மாண்ட பிரித்தானிய வீரர் ஏறத்தாழ 21,000 பேர். அவருள் ஏறத்தாழ 16,000 பேரைக் கொன்றது பகைவரின் படைக்கலம் அன்று. கொலரா, வயிற்றுளைவு, காய்ச்சல் முதலிய நோய்களே. போர் முடிந்தபின் அம்மையார் புள்ளிவிபர அறிஞராகிய வில்லியம் பார் என்பாருடன் இக்கணக்குகளை ஆராய்ந்தார். 1857 இல் நிறுவப்பட்ட அரச ஆணைக்குழுவின் முன் மற்றோர் உண்மையும் வெளியாயிற்று. போர் நிகழாத காலத்திலே, உள்நாட்டுப் படைவீடுகளில் வாழ்ந்த இளம் வீரருடைய மரணவிகிதம், அதே வயதினரான குடிமக்களுடையதிலும் ஏறக்குறைய இருமடங்காய் இருந்தது. படையிற் சேரும்போது வைத்தியரால் ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்பட்ட திடகாத்திரமான இளைஞர் அவர். நெருக்கமும் தூய்மையற்ற காற்றும் அவரைச் சயரோகத்துக்கு இரையாக்கின.

வீரர் நோயுறுதற்கு அவர்தம் குடியும் ஒழுக்கக்கேடுமே காரணம் என்று அதுகாறுங் கூறிவந்தனர். ஆணைக்குழுவின் கணக்குகள் அப்பழியை வீரன் தலையிலிருந்து இறக்கி, அவனைக் குடியிருத்திய அரசின் தலையில் வைத்தன. 1860 இல் படை வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது, படைவீடுகள் திருத்தப்பட்டன, 1898 இல் அரச படை வைத்தியப் பிரிவு தோன்றிற்று. பழி இடம் மாறியபோதே பரிகாரம் பிறந்தது என்பது இதனாற் பெறப்படும். பின்வரும் வரலாற்றிலும் இதுவே திரும்பத் திரும்ப நிகழக் காணலாம்.

மனைவி மக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே சாதாரணச் சிப்பாய் விவாகஞ் செய்தலைப் படை விரும்பவில்லை. நூறு வீரருக்கு ஏறக்குறைய ஆறு பேரின் மனைவியரே படையின் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்க்கு உணவிற் பங்கும், படைவீட்டறையின் ஒரு மூலையும் கிடைத்தன. அம்மூலையைத் திரையிட்டு மறைத்துக்கொண்டு அவர்கள் குடும்பம் நடத்தினர். பட்டியலிற் சேராத மனைவியர்க்கு யாதும் இல்லை.

நெப்போலியன் காலத்துப் போர்களிலே பட்டாளம் கடல் கடந்து செல்லும்போது, எம்மனைவியர் உடன் செல்லலாம் என்பது சீட்டிழுத்துத் தீர்மானிக்கப்பட்டது. ‘செல்க’ என்ற சீட்டைப் பெற்றவள் கணவனுடன் கப்பலேறினாள். ‘செல்லற்க’ என்ற சீட்டைப் பெற்றவள் பிள்ளைகளுடன் துறைமுகத்தில் நின்றாள். தன் ஊரை அடைந்து ஏழைகளுக்குரிய பிச்சைச் சம்பளத்தைப் பெறுவதையன்றி அவளுக்கு வேறு கதி இருக்கவில்லை.

1854 இல் கிரிமியப் போர்க் கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் அரச தேசாபிமான நிதி திரட்டப்பட்டது. எனினும் அஃது உரிமையாக வழங்கப்படவில்லை. கைம்பெண்ணின் நடத்தை தவறெனக் கருதப்பட்டால் உதவி நிறுத்தப்பட்டது. 1885 இல் எகிப்துக்குப் படை புறப்பட்டபோது, மேஜர் யேம்ஸ் கில்டியா என்பார் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, படையினரின் குடும்பங்களைக் கவனிக்கத் தொண்டரையும் நிதியையும் வேண்டினார். அதிலிருந்து பிறந்த சங்கமே இன்று ‘சஃபா’ என்னுஞ் சுருக்கப் பெயரால் வழங்குவது. தொண்டர் வீடு தேடிச் சென்று உதவும் முறையை அது நாடெங்கும் பரப்பிற்று.

முதலாவது உலகப் போர் தொடங்கிய 1914 ஆம் ஆண்டிலேதான், பட்டியல் வேறுபாடின்றி வீரர் மனைவியர் யாவர்க்கும் பிரிவுப்படி வழங்க அரசு உடன்பட்டது. தானமாய் இருந்தது உரிமையாகத் தொடங்கிற்று. ஆயினும் அவ்வாண்டிலேயே, தகுதியற்றவளெனக் கருதப்படும் மனைவியின் படியை நிறுத்தவும், அதன்பொருட்டுக் காவற்றுறையினர் மனைவியரின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கவும் ஏற்பாடாயிற்று. கணவன் அகழியிலே உயிரைப் பணயம் வைத்து நிற்க, மனைவி தன் வாயிலிலே ஐயத்துக்குரியவளாய் நின்றாள். உரிமையை வழங்குங் கை ஐயத்தை விடாதிருந்தமை இதனாற் புலப்படும்.

உள்ளத்தின் புண்

1915 பெப்ரவரியிலே சார்ள்ஸ் மயர்ஸ் என்னும் உளவியலறிஞர் ‘லான்செற்’ என்ற வைத்திய சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எறிகணை வெடித்த இடத்தருகே இருந்த வீரர் சிலர், உடலிலே காயம் இன்றியும் பார்வையையும் நினைவாற்றலையும் இழந்தமையை அவர் அதில் விவரித்தார். ‘எறிகணை அதிர்ச்சி’ என்ற பெயர் அதன்பின் எங்கும் பரவிற்று. வெடியதிர்வு மூளையைத் தாக்குதலே காரணம் என முதலில் எண்ணினர். ஆனால் எறிகணைக்கு அருகே செல்லாதவரும் ஊமையாயினர், நடுக்கமுற்றனர், நடக்கும் ஆற்றலை இழந்தனர். புண் உள்ளத்தில் உள்ளது என்பதை வைத்தியர் ஏற்கவேண்டியதாயிற்று.

படை நீதிமன்றங்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. படையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக 306 வீரர் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருட் சிலர் உள்ளந் தளர்ந்த நோயாளர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அன்னார்க்கு மன்னிப்பு வழங்குஞ் சட்டம் 2006 இலே நிறைவேறியது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக அவர்தம் மனைவியரும் மக்களும் பேரப்பிள்ளைகளும் ஒரு பழியைச் சுமந்து வாழ்ந்தனர். உள்ளத்தின் நோயைக் குற்றமெனக் கொள்ளும்போது அத்தண்டனை ஒருவனோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சிகிச்சையிலும் பேதம் இருந்தது. எடின்பரோ நகருக்கு அண்மையிலுள்ள கிறெக்லொக்காட் வைத்தியசாலை அதிகாரிகளுக்கே உரியது. அங்கே றிவேர்ஸ் என்னும் வைத்தியர், துயர நினைவுகளை அடக்கி மறக்குமாறு நோயாளரை வற்புறுத்தாது, அவற்றை எடுத்துப் பேசி அவற்றோடு வாழப் பழகுமாறு வழிகாட்டினார். 1917 இல் கவிஞர் சிக்பிறிட் சசூன் அவரிடஞ் சிகிச்சை பெற்றார். சாதாரணச் சிப்பாய் பலர்க்கோ மின்சார அதிர்ச்சியும் அதட்டலுமே மருந்தாயின.

இந்த றிவேர்ஸ் முன்னர் நீலகிரியிலே தோடரிடையே தங்கி ஆராய்ந்து, 1906 இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர். இலங்கை வேடரைப் பற்றி 1911 இல் நூல் வெளியிட்ட செலிக்மனும் அப்போர்க்காலத்திலே உள்ளதிர்ச்சியுற்ற வீரர்க்குச் சிகிச்சை செய்தவரே. பிற மக்களின் வாழ்க்கையை அவர்தம் நோக்கிலே நின்று கேட்டறியப் பழகிய மானிடவியலறிஞர், வீரனது கதையையும் பழியுரையாது கேட்டனர் எனல் பொருந்தும்.

போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், 1921 இல், உளநோய் காரணமாக உபகாரச் சம்பளம் பெற்றோர் ஏறத்தாழ 65,000 பேர். 1922 இல் வெளிவந்த சவுத்பரோ பிரபு குழுவின் அறிக்கை ‘எறிகணை அதிர்ச்சி’ என்ற பெயரையே கைவிடவேண்டும் என்றது. பெயர் விடப்பட்டது, நோய் விடவில்லை.

வீரம் என்னும் முதல்

அப்போரிலே மேற்கு முனையிற் பட்டாள வைத்தியராகப் பணிபுரிந்த மொறன் பிரபு, 1945 இல் வீரத்தின் இயல்பை ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். வீரம் என்பது வங்கியில் இட்ட முதல் போல்வது. ஒவ்வொருவனுக்கும் ஓர் அளவுண்டு. போரிலே அது செலவாகிக்கொண்டே இருக்கும். முழுதுஞ் செலவானபின் எத்தகைய வீரனும் வீழ்வான் என்பது அவர் கருத்தின் சாரம். வீரனென்றும் கோழையென்றும் மனிதரை இருவகையாக்கிய பழைய கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. செலவாகும் பொருளாயின் அளவறிந்து செலவிடலும், ஓய்வளித்து மீள நிரப்பலும் படைத்தலைவனின் கடனாகின்றன.

இரண்டாவது உலகப் போரிலே பிரித்தானியக் குண்டுவீச்சு விமானிகள் 30 தாக்குதல்களை முடித்தபின் ஓய்வுக்கு அனுப்பப்பட்டமை இக்கருத்துக்கு இசைந்தது. ஆயினும் அதே விமானப்படை, பறக்க இயலாதென்று கூறியவனை ‘மனவுரம் அற்றவன்’ என முத்திரை குத்தவுந் தவறவில்லை. அறிவும் பழிச்சொல்லும் ஒரே படையிற் கூடி வாழ்ந்தன.

அப்போரின் முடிவிலே, சிறைப்பட்டு மீண்ட வீரருக்கென 20 மீள்குடியமர்வு நிலையங்கள் அமைக்கப்பட்டன. விரும்பியவரே அங்கே சென்றனர். தொழிற்சாலைகளைச் சென்று பார்த்தனர். வீடு திரும்பிய பின்னர் எழும் இடர்களைப் பற்றித் தம்முட் பேசினர். ஆண்டுகள் பல பிரிந்திருந்த கணவனை மனைவி அறியாள். தந்தையைக் குழந்தை அறியாது. வீடு திரும்புதலும் ஒரு கடினமான பயணம் என்பதை அரசு அறிந்து செயற்பட்ட சிறந்த உதாரணம் அது.

இக்கால ஏற்பாடுகள்

‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்ற பெயரை அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் 1980 இல் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. வியற்னாம் போரிலிருந்து மீண்டோரின் நிலையே அதற்கு முக்கிய தூண்டுகோல். பிரித்தானியப் படையினரை ஆராய்ந்து 2018 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியினர் வெளியிட்ட முடிவுகள் வருமாறு: ஈராக், ஆப்கானித்தான் போர்க்காலத்துப் படையினருள் நூற்றுக்கு 6 பேரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் இருந்தன, 10 பேரிடம் கேடுதருங் குடிப்பழக்கம் இருந்தது, 22 பேரிடம் மனச்சோர்வு, பதற்றம் முதலிய பொதுவான உளநலக்குறைகள் காணப்பட்டன. நேரே போரிட்டுப் பின் படையை விட்டு நீங்கியோரிடமோ மனவடு நோய் நூற்றுக்கு 17 ஆக உயர்ந்தது. போருக்குச் சென்றோர் யாவரும் உளநோயாளர் என்னும் எண்ணம் தவறு என்பதையும், சீருடையைக் களைந்தபின் நோய் தீர்ந்துவிடும் என்னும் எண்ணமுந் தவறு என்பதையும் இக்கணக்குகள் உணர்த்துகின்றன.

துயர நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தவுடன் அதிற் பட்டோரை ஒருமுறை அழைத்து உணர்ச்சிகளைக் கொட்டச் செய்யும் முறை முன்னர்ப் பரவலாய் இருந்தது. அதனால் நன்மை விளையவில்லை என ஆய்வுகள் காட்டியமையின், 2005 இல் பிரித்தானிய வைத்திய வழிகாட்டிகள் அதனை விலக்கின. கடற்படையைச் சார்ந்த மரைன் வீரரிடையே தோன்றிய வேறொரு முறை இப்போது முப்படைகளிலும் வழங்குகின்றது. அதிலே வைத்தியரல்லாத சகவீரர் சிலர் பயிற்றப்படுகின்றனர். நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ மூன்று நாட்களின் பின்னரும், ஒரு மாதத்தின் பின்னரும் அவர்கள் தம் தோழனுடன் அமர்ந்து பேசி, அவன் உறக்கம், குடி, சினம், குற்றவுணர்வு ஆகியவற்றைக் கவனிக்கின்றனர். ஒரு மாதத்திலும் நிலை சீராகாவிடின் வைத்தியரிடம் வழிப்படுத்துகின்றனர். உடன் உண்டு உடன் உறங்குந் தோழனுக்கே மாற்றம் முதலிற் புலப்படும் என்பது இம்முறையின் அடிப்படை.

ஆப்கானித்தானிலிருந்து மீண்ட படையினர் நேரே வீடு செல்லாது, சைப்பிரசுத் தீவிலே ஓரிரு நாட் தங்கி இளைப்பாறிச் சென்றமையும் குறிப்பிடத்தக்கது. போர்முனையில் நிற்குங் காலமும் ஆராயப்பட்டது. மூன்றாண்டுகளுள் 13 மாதமோ அதற்கு மேலோ போர்ப்பணியில் இருந்தோரிடம் மனவடு நோய் மிகுந்திருந்தது என 2007 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. முன்னர்க் கூறப்பட்ட காலத்திலும் நெடிது தங்க நேர்ந்தவரிடமும் அது மிகுதியாகக் காணப்பட்டது. திரும்பும் நாளை உண்மையாகக் கூறுதலுங்கூட ஒரு மருந்து எனலாம். அந்நாளை எண்ணி வாழ்பவர் வீட்டிலும் உளர்.

குடும்பத்தின் நிலை

படைக்குடும்பத்தின் துன்பங்கள் பெரும்பாலும் நாளாந்த வாழ்வைச் சார்ந்தவை. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம். மாறுந்தோறும் பிள்ளைக்குப் புதிய பாடசாலை. மனைவிக்கோ கணவனுக்கோ கைவிட்டுப்போகுந் தொழில். நோயுற்ற குழந்தைக்கு வைத்தியசாலை வரிசையிலே மீண்டுங் கடைசியிடம். 1982 இல் படையினர் மனைவியரே தமக்கெனச் சங்கம் அமைத்து இக்குறைகளை அதிகாரிகள்முன் வைக்கத் தொடங்கினர். 2011 ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டுக்கும் படையினர்க்கும் இடையிலான உடன்பாட்டினைப் பற்றி ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்குமாறு விதித்தது. 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2022 நவம்பர் முதல், வைத்தியம், கல்வி, வீடு ஆகிய மூன்றிலும் உள்ளூராட்சி முதலிய நிறுவனங்கள் படைக்குடும்பங்களின் நிலையைக் கருத்திற்கொள்ளக் கடமைப்பட்டுள்ளன. இடமாற்றம் பெற்ற குடும்பத்தினர் வைத்தியத்துக்குரிய வரிசையிலே தமது பழைய இடத்தை இழத்தலாகாது என்பது இவ்வுடன்பாட்டின் ஒரு பயன்.

வீட்டு விடயத்தில் நிகழ்ந்தது ஒரு படிப்பினை. 1996 இல் அரசு படைக்குடும்பங்களின் வீடுகளைத் தனியார் நிறுவனத்துக்கு விற்று, மீண்டும் அவற்றையே வாடகைக்கு எடுத்தது. பழுதுபார்க்கும் பொறுப்பு அரசிடமே நின்றது. ஈரம் படிந்த சுவர்களையும் பழுதான வெப்பமூட்டிகளையும் பற்றி ஆண்டுதோறும் முறையீடுகள் எழுந்தன. ஈற்றில் 2025 தொடக்கத்திலே 36,000க்கு மேற்பட்ட வீடுகளை ஏறத்தாழ 600 கோடிப் பவுண் கொடுத்து அரசு மீள வாங்கிற்று. நீங்காத வெறுப்பும் வறுமையும் இல்லாத படையே வெல்லும் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வெறுப்பு போர்க்களத்திலே மட்டும் பிறப்பதன்று. மழைநீர் ஒழுகும் வீட்டிலும் பிறக்கும்.

பெருந்தடை

இத்துணை ஏற்பாடுகள் இருந்தும், உளநோயுற்ற படையினர் பலர் வைத்தியரை நாடுவதில்லை. வெட்கம் ஒரு காரணம். மற்றொரு காரணம் அதனினும் வலியது. படை வைத்தியர் நோயாளனுக்கும் கடமைப்பட்டவர், படைக்குங் கடமைப்பட்டவர். படைக்கலம் ஏந்துவோன் தகுதியுடையவனா என்பதைத் தலைவர் அறிந்தேயாகவேண்டும். ஆகவே நோயைச் சொல்பவன் தன் பணித்தரம் குறைக்கப்படலாம், பதவியுயர்வு தடைப்படலாம், தோழரைப் பிரிய நேரலாம் என அஞ்சுகின்றான்.

இவ்வச்சம் வீட்டுக்குள்ளும் புகுகின்றது. இரவில் அலறி எழுவதையும், பிள்ளைகளோடு பேசாதிருப்பதையும், குடி மிகுவதையும் முதலிற் காண்பவள் மனைவி. ஆயினும் படைவீடு தொழிலோடு வந்தது. தொழில் போனால் வீடும் போகும். பிள்ளையின் பாடசாலையும் மாறும். எனவே அவளும் வாய் திறவாள். நோயை முதலில் அறிபவளே அதனைச் சொல்லுதற்கு மிகவும் அஞ்சுபவளாகவும் இருக்கின்றாள். வீரன் நலத்தையும் குடும்ப நலத்தையும் வெவ்வேறு அலுவலகங்களின் வெவ்வேறு விடயங்களாக வைத்து நோக்குவோர்க்கு இம்முடிச்சுப் புலப்படாது.

இதனை அவிழ்க்கும் முயற்சிகள் சில தோன்றியுள்ளன. 1919 இல் நிறுவப்பட்ட ‘கொம்பற் ஸ்திரெஸ்’ என்னுந் தரும நிறுவனத்தின் மூலம், பணியிலுள்ளோரும் இரவுபகல் எந்நேரமும் தொலைபேசியிற் பேசுதற்கு 2018 இல் வழி செய்யப்பட்டது. படைத்தலைவரைச் சாராத ஆணையாளரிடம் படையினரும் அவர்தம் குடும்பத்தினரும் நேரே முறையிடுதற்கு இடமளிக்குஞ் சட்டம் 2025 இல் நிறைவேறியது. தலைவர் சிலர் தமது உளத்தளர்ச்சியைத் தாமே வெளிப்படையாகக் கூற முன்வந்துள்ளமையும் பயன் தருவதே; மேலோன் சொல்லத் துணிந்ததைக் கீழோன் சொல்ல அஞ்சான்.

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை தெளிவாகும். நோய்க்கு வீரனைப் பழித்த காலத்திலே படைவீடுகள் திருந்தவில்லை. தளர்ச்சியைக் கோழைத்தனம் என்ற காலத்திலே உள்ளத்தின் புண்ணை ஆற்றுவோர் அரியராயினர். மனைவியை ஐயுற்ற காலத்திலே உதவி முழுவுரிமை ஆகவில்லை. பழி நீங்கிய இடந்தோறும் மருந்து வந்து சேர்ந்துள்ளது. இன்று எஞ்சியிருப்பது, நோயைச் சொல்வதனால் நேரும் இழப்பு. வைத்தியசாலைகளும் சட்டங்களும் எத்துணை மிகினும், உதவி கேட்டவன் தன் தொழிலையும் அவன் குடும்பம் தன் கூரையையும் இழக்கமாட்டா என்னும் உறுதி பிறவாதவரை, அவற்றின் வாயிலுக்கு வருவோர் சிலரேயாவர். அவ்வுறுதியை அளித்தல், போருக்கு அனுப்பிய அரசின் நீங்காக் கடனாகும்.